மக்கள் பிரதிநிதிகள் இணையத்தில் கருத்துக் கேட்பதால் சட்டம் மாறுகிறதா?

"சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் எல்லோருமே இன்று இணையத்தில் இருக்கிறார்கள். இதனால் சட்டம் இயற்றும் வேலையில் ஏதாவது மாறியிருக்கிறதா, அல்லது விளம்பரத்துக்கு இன்னொரு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதானா? உண்மையாகவே மக்களைக் கேட்க நினைக்கும் உறுப்பினர் என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி. இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்கான பதிலிலேயே அடங்கியிருப்பதால், முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

மாறியிருக்கிறது; ஆனால் எல்லா இடங்களிலும் அல்ல. மாற்றம் நிகழ்ந்த இடங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பயன்பட்ட தொழில்நுட்பம் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பது தெரியும். சில இடங்களில் மிகச் சாதாரணமான ஓர் இணையப் படிவமே போதுமானதாக இருந்தது. சில இடங்களில் அதற்கென்றே மென்பொருள் எழுதப்பட்டது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: மக்கள் சொல்வது சட்டமாக்கத்தின் எந்தக் கட்டத்தில், யார் கைக்குப் போய்ச் சேரும், எத்தனை நாளுக்குள் யார் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது, கேட்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில், எத்தனை லட்சம் பேர் வந்து எழுதினாலும் அது எழுதிய இடத்திலேயே நின்றுவிட்டது.

இதை விளக்குவதற்கு முன், "இணையம் வழியாக மக்களுடன் தொடர்பு" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் கலந்து கிடப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, அவையில் நடப்பதை மக்களுக்குத் தெரிவிப்பது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மசோதாக்களையும் அவற்றின் நிலையையும் எவரும் தேடிப் படிக்கும்படி 1995 ஜனவரியில் 'தாமஸ்' என்ற இணையதளம் திறக்கப்பட்டது. பிரிட்டனில் 2004-இல் தன்னார்வலர்கள் உருவாக்கிய 'தே வொர்க் ஃபார் யூ' தளம், ஓர் உறுப்பினர் அவையில் என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்பதைத் தொகுதிவாரியாக எடுத்துக் காட்டியது. இந்த வேலையைச் சிறியதாக நினைக்கக் கூடாது. மசோதாவின் உரையே கைக்குக் கிடைக்காதவரிடம் அதைப் பற்றிக் கருத்துக் கேட்பதில் பொருளில்லை. இரண்டாவது, தனிமனிதர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பது. மூன்றாவது, இயற்றப்படவிருக்கும் சட்டத்தைப் பற்றி மக்களின் அறிவையும் அனுபவத்தையும் பெறுவது. கேள்வி இந்த மூன்றாவதைப் பற்றியது. ஆனால் நடைமுறையில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அஞ்சல் பெட்டியில்தான் வந்து விழுகின்றன.

ஓர் உறுப்பினரின் அலுவலகத்துக்குள் இருந்து பார்த்தால் இதன் விளைவு உடனே புரியும். காலையில் உதவியாளர் மின்னஞ்சலைத் திறக்கும்போது, ஓய்வூதியம் நின்றுபோன ஒரு முதியவரின் கடிதம், ஏதோ ஓர் அமைப்பு எழுதிக் கொடுத்த ஒரே வாசகத்தில் நூற்றுக்கணக்கானோர் அனுப்பிய கடிதங்கள், வேறு தொகுதிக்காரர் ஒருவர் எழுதிய வசை, மசோதாக்களை ஆராயும் அவைக் குழுவின் முன் இருக்கும் மசோதா ஒன்றில் ஒரு பிரிவின் ஒற்றைச் சொல் தம் தொழிலை எப்படி முடக்கும் என்று பொறுமையாக விளக்கும் ஒரு கடிதம் எல்லாம் வந்த நேர வரிசையில் அடுத்தடுத்துக் கிடக்கும். முதலில் முகவரி பார்க்கப்படுகிறது; எழுதியவர் தொகுதிக்காரரா என்பது தெரிய வேண்டும். முதியவரின் கடிதம் உரிய துறைக்குப் போகிறது. ஒரே வாசகக் கடிதங்கள் எண்ணப்பட்டு, அவற்றுக்கு ஒரே வாசகத்தில் பதில் போகிறது. மசோதாவைப் பற்றிய அந்த ஒரு கடிதத்துக்கு உரிய தட்டு எதுவும் இல்லை. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர், குழுக் கூட்டத்துக்கு உறுப்பினருக்குக் குறிப்பு எழுதித் தரும் உதவியாளர். அவர் கண்ணில் அது படுவதற்குள் பல சமயம் குழு தன் அறிக்கையைக் கொடுத்து முடித்திருக்கும். சட்டத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய கடிதமே அலுவலகத்தில் மிக எளிதாகத் தொலைந்துபோகிறது என்பதுதான் வருத்தத்துக்குரியது. யாரும் வேண்டுமென்று அதைத் தொலைப்பதில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடத்தை யாரும் வகுத்து வைக்கவில்லை.

பிரிட்டனில் 2005-இல் தொடங்கப்பட்ட 'ரைட் டு தெம்' என்ற தளம் இந்தச் சிக்கலின் ஒரு பகுதியை அழகாகக் கையாண்டது. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால், அந்தப் பகுதிக்கு உரிய பிரதிநிதிகளுக்கு மட்டுமே எழுத விடும். ஒரே வாசகத்தை ஒட்டி அனுப்பும் கடிதங்களைத் தடுத்து, சொந்தச் சொற்களில் எழுதும்படி கேட்கும். இரண்டு வாரம் கழித்து, பதில் வந்ததா என்று எழுதியவரிடம் விசாரிக்கும். எந்தெந்த உறுப்பினர்கள் எந்த அளவுக்குப் பதில் தருகிறார்கள் என்பதை அந்த விடைகளிலிருந்து தொகுத்து வெளியிட்டும் வந்தது. பதில் வருகிறதா என்பதை வெளியில் இருப்பவர்கள் எண்ணத் தொடங்கிய பிறகு, பதில் சொல்வது உறுப்பினரின் தனிப்பட்ட நல்லெண்ணத்தை மட்டும் சார்ந்ததாக இருக்க முடியாது.

இனி இணைய மனுக்களுக்கு வருகிறேன். இதில்தான் உலகுக்கு அதிக அனுபவம் சேர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2006 நவம்பரில் பிரதமர் அலுவலகம் ஓர் இணைய மனுத் தளத்தைத் திறந்தது. சில மாதங்களிலேயே, சாலைகளைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் விதிக்கும் யோசனையை எதிர்த்து 18 லட்சம் பேர் அதில் கையெழுத்திட்டார்கள். பிரதமர் அவர்களுக்கு மின்னஞ்சலில் விளக்கம் அனுப்பினார். அதற்குமேல் அந்த மனு போய்ச் சேருவதற்கு ஓர் இடம் இல்லை. தளம் நிர்வாகத்தின் கையில் இருந்தது, அவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2011-இல் வேறொரு தளம் வந்தது. 2015-இல் மக்களவையே அரசுடன் சேர்ந்து பொறுப்பேற்று, மனுக்களுக்கென்று உறுப்பினர்களைக் கொண்ட ஒரு தனிக் குழுவை அமைத்தது. மனு 6 மாதம் திறந்திருக்கும். 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதைக் குழு பரிசீலிக்கும். கையெழுத்து வாங்கும் முறை முன்பு இருந்ததைப் போலத்தான். கையெழுத்துக்குப் பின் நடப்பதுதான் மாறியது.

இந்தக் குழு கையாண்ட ஒரு மனுவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். லண்டனில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பாளர் வேலைக்கு வந்த ஒரு பெண், குதிகால் உயர்ந்த காலணி அணிய மறுத்ததற்காகச் சம்பளமின்றித் திருப்பி அனுப்பப்பட்டார். பெண்களை அப்படிக் கட்டாயப்படுத்துவதைச் சட்டவிரோதமாக்க வேண்டும் என்று 2016-இல் அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். குழு நேரடியாக விவாதத்துக்குப் போகவில்லை. பெண்கள், சமத்துவம் தொடர்பான குழுவுடன் சேர்ந்து விசாரணை தொடங்கி, இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, இத்தகைய அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம் என்று அழைத்தது. நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கியது, தேய்ந்துபோன மூட்டு, உடை பற்றி மேலாளர் சொன்ன சொற்கள் என்று அவர்கள் எழுதியது, எந்தச் சட்ட அறிஞரும் குழுவின் முன் வந்து சொல்லியிருக்க முடியாத விவரம். பாத மருத்துவர்களின் சாட்சியத்தோடு சேர்ந்து அது 2017 ஜனவரியில் வெளிவந்த அறிக்கைக்கு அடிப்படையாயிற்று. சட்டம் திருத்தப்படவில்லை, ஏற்கெனவே இருக்கும் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே போதும் என்று அரசு சொன்னது. ஆனால் 2018-இல், வேலையிடங்களில் உடை விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அரசு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மனு கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது உண்மை. இருந்தாலும், கையெழுத்தின் எண்ணிக்கை கதவைத் திறந்தது, எழுதப்பட்ட அனுபவம் உள்ளே போய் வேலை செய்தது என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன்.

எண்ணிக்கை மட்டும் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை 2019 மார்ச்சில் அதே தளத்தில் பார்த்தோம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் முடிவைத் திரும்பப் பெறக் கோரிய மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அரசு மறுத்துப் பதில் தந்தது; ஏப்ரல் 1 அன்று அந்த மனு விவாதிக்கப்பட்டது; கொள்கை மாறவில்லை. இதை வைத்து "இணைய மனுவெல்லாம் வீண்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கேள்வியில் அதைவிடப் பல மடங்கு மக்கள் ஏற்கெனவே வாக்குச்சீட்டில் முடிவு சொல்லியிருந்தார்கள். கையெழுத்திட வந்தவர்களின் எண்ணிக்கை தேர்தலுக்கோ வாக்கெடுப்புக்கோ மாற்றாக முடியாது. பிரதிநிதிக்கு மறுக்கும் உரிமை உண்டு. காரணத்தை மறைத்து மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்பதே இணைய மனு முறை கோரும் நேர்மை.

பின்லாந்து ஒரு படி மேலே போனது. 2012 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிமக்கள் முன்னெடுப்புச் சட்டத்தின்படி, 6 மாதத்துக்குள் 50,000 பேரின் ஆதரவு சேர்ந்தால் அந்த முன்மொழிவு நாடாளுமன்றத்தின் பரிசீலனைக்குப் போகிறது. இணையத்தில் ஆதரவு தருபவர், வங்கிச் சேவைக்குப் பயன்படுத்தும் அதே அடையாளச் சான்றைக் கொண்டு தம்மை உறுதிப்படுத்துகிறார். ஆகவே ஒருவர் ஒருமுறைதான் கையெழுத்திட முடியும். ரோமத்துக்காக விலங்குகளை வளர்க்கும் பண்ணைகளைத் தடை செய்யக் கோரிய முதல் முன்னெடுப்பு 2013-இல் நிராகரிக்கப்பட்டது. பின்னர் ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கான முன்னெடுப்பு 1,66,000-க்கும் மேற்பட்டோரின் ஆதரவோடு வந்தது. அதை நிராகரிக்கலாம் என்று சட்ட விவகாரக் குழு பரிந்துரைத்தது. ஆனால் 2014 நவம்பரில் முழு அவை குழுவின் பரிந்துரையை மீறி 105-க்கு 92 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. சட்டம் 2017 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வந்த முன்னெடுப்புகளில் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும், நிராகரிக்கப்படுபவர்களும் குழுவின் முன் அமர்ந்து தங்கள் தரப்பைச் சொல்கிறார்கள், மறுப்புக்கான காரணம் அவைப் பதிவில் ஏறுகிறது.

மனு, மக்கள் தாமாக எழுப்பும் பொருளுக்கான வழி. ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் மசோதாவைப் பற்றிக் கேட்பது வேறு விதமான வேலை. சட்டத்தின் வாசகம் நேரடியாக மாறுவது இங்குதான். பிரேசிலில் இணையப் பயன்பாட்டின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் 'மார்கோ சிவில்' சட்டத்துக்கு 2009-லும் 2010-லும் நீதி அமைச்சகம் இரண்டு சுற்றுகளாகக் கருத்துக் கேட்டது. முதல் சுற்றில் வாசகம் எதுவும் வைக்கப்படவில்லை. கொள்கைகளைப் பற்றி மட்டும் விவாதம் நடந்தது. அதிலிருந்து வரைவு எழுதப்பட்டு, இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே தனித்தனியாகக் கருத்து எழுதும் இடம் திறக்கப்பட்டது. பிறர் இட்ட உள்ளடக்கத்தை நீக்கும்படி பாதிக்கப்பட்டவர் நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பினால் நீக்கத்துக்கு வழி செய்யும் ஏற்பாடு முதல் வரைவில் இருந்தது. இது நீதிமன்றத்துக்குப் போகாமலேயே பேச்சை முடக்கும் கருவியாகிவிடும் என்று பலர் எழுதியதால், நீதிமன்ற ஆணை இருந்தால்தான் நிறுவனம் பொறுப்பாகும் என்று அந்தப் பிரிவு மாற்றப்பட்டது. மசோதா நாடாளுமன்றத்துக்குப் போன பிறகு, மக்களவை 2009 முதல் நடத்திவந்த 'இ-டெமாக்ரசியா' தளத்தில் மீண்டும் கருத்துகள் பெறப்பட்டன. 2014 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அந்தப் பிரிவைப் பகுதியளவில் அரசமைப்புக்கு முரணானது என்று 2025-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது தனி விவாதம். மக்கள் எழுதியதால் ஒரு சட்டப் பிரிவு தலைகீழாக மாறியது என்பதற்கு அது சான்றாகவே நிற்கிறது.

பிரான்சில் 2015-இல், இணையம், தரவு ஆகியவற்றைப் பற்றிய 'மின்னணுக் குடியரசு' மசோதாவின் வரைவு, அமைச்சரவைக்குப் போவதற்கு முன்பே இணையத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் 21,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்று, 8,500-க்கும் மேற்பட்ட கருத்துகளைப் பதிந்தனர். அதிலிருந்து 5 புதிய பிரிவுகள் வரைவில் சேர்ந்தன. எதைச் சேர்த்தோம், எதை ஏன் சேர்க்கவில்லை என்று அதிக ஆதரவு பெற்ற கருத்துகளுக்கு அரசு எழுத்தில் பதில் தந்தது. இங்கும் கவனிக்க வேண்டியது காலம். வரைவு இன்னும் இளகிய நிலையில், கட்சிகள் தங்கள் நிலையை வெளிப்படையாக அறிவித்துவிடாத நேரத்தில் கேட்டார்கள். கொறடா உத்தரவு பிறந்த பிறகு ஓர் உறுப்பினரால் தம் வாக்கை மாற்ற முடியாத அவைகள் உலகில் ஏராளம். அத்தகைய அவைகளில், இறுதி வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் "இந்த மசோதாவை ஆதரிக்கலாமா?" என்று தம் பக்கத்தில் வாக்கெடுப்பு நடத்தும் உறுப்பினர், தம்மால் மாற்ற முடியாத ஒன்றைப் பற்றி மக்களைக் கேட்கிறார். மாற்ற முடிந்த இடம் குழு நிலை. அங்கே ஒரு சொல், ஒரு விதிவிலக்கு, ஒரு காலக்கெடு மாறலாம். கேட்பதாக இருந்தால் அப்போதே கேட்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஐஸ்லாந்து இருக்கிறது. 2008-இல் வங்கிகள் சரிந்ததற்குப் பின், புதிய அரசமைப்பை எழுத 25 பேர் கொண்ட மன்றம் 2011-இல் அமைக்கப்பட்டது. வரைவைப் பகுதி பகுதியாக இணையத்தில் வெளியிட்டு, பேஸ்புக் வழியாகவும் வந்த ஆயிரக்கணக்கான கருத்துகளைப் படித்து, அவர்கள் உரையைத் திருத்திக்கொண்டே போனார்கள். 2012 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில், புதிய அரசமைப்புக்கு இந்த வரைவே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். ஆனால் வாக்கெடுப்பு ஆலோசனை மட்டுமே. முடிவு நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. அங்கே அது நிறைவேறவில்லை. இணையத்தில் நடந்த வேலையில் குறை காண எனக்கு மனமில்லை. வரைவை எழுதியவர்கள் மக்களைக் கேட்டார்கள். அதைச் சட்டமாக்க வேண்டியவர்கள் அந்தக் கேட்டலில் பங்கு பெறவும் இல்லை, அதற்குக் கட்டுப்படவும் இல்லை. கேட்பவரும் முடிவெடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இதுதான் நடக்கும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் சில உறுதியான பாடங்கள் உண்டு. ஒருவர் எழுதியதற்கு அடுத்தவர் பதில் எழுதுவது, அதற்கு இன்னொருவர் பதில் எழுதுவது என்ற அமைப்பில், சிலர் மட்டும் ஓயாமல் எழுத, மற்றவர்கள் ஒதுங்கிப்போவார்கள். தைவானில் 2014-இன் மாணவர் போராட்டத்துக்குப் பின் உருவான 'வி-தைவான்' முயற்சியில் பயன்பட்ட 'போலிஸ்' (Polis) என்ற மென்பொருள், பதில் எழுதும் பொத்தானையே எடுத்துவிட்டது. ஒரு கூற்று திரையில் வரும். உடன்படுகிறேன், உடன்படவில்லை, கடந்துபோகிறேன் என்ற மூன்றில் ஒன்றைத் தொடலாம். விரும்பினால் தம் கூற்று ஒன்றைச் சேர்க்கலாம். யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கணக்கிட்டு, கருத்துக் குழுக்களை அது வரைபடமாகக் காட்டும். முக்கியமாக, எதிரெதிர் குழுக்கள் இரண்டுமே ஒப்புக்கொள்ளும் கூற்றுகளைத் தனியே எடுத்துக் காட்டும். 2015-இல் ஊபர் போன்ற வாடகை வண்டிச் சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று கேட்டபோது, ஊபரை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இரு அணிகளாக நின்றாலும், காப்பீடு, முறையான பதிவு போன்றவற்றில் ஒத்துப்போனது வெளிப்பட்டது. பின்னர் வந்த விதிகளில் அது இடம்பெற்றது. ஆனால் அம்முயற்சியின் முடிவுகளை எடுத்துக்கொள்ள அரசுக்குக் கடப்பாடு ஏதும் இல்லாததால், பிற்காலத்தில் அதன் பயன்பாடு குறைந்துபோனது. நல்ல கருவி இருந்தும், கடப்பாடு இல்லாத குறையை அது நிரப்பவில்லை.

தனி உறுப்பினர் ஒருவர் செய்யக்கூடியதற்கு மிகச் சிறந்த சான்று, அமெரிக்காவில் ஆய்வாளர்கள் 2006-இல் பிரதிநிதிகள் அவையின் 12 உறுப்பினர்களோடும், 2008-இல் ஒரு செனட்டரோடும் நடத்திய இணையக் கூட்டங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள்: முதலில் குடியேற்றக் கொள்கை, பிறகு பயங்கரவாதச் சந்தேகத்தில் தடுத்துவைக்கப்பட்டவர்களை நடத்தும் விதம். பங்கேற்பவர்கள் உறுப்பினரின் ஆதரவாளர்கள் அல்லர்; தொகுதியிலிருந்து ஆய்வாளர்கள் திரட்டியவர்கள். படித்துவிட்டு வருவதற்குச் சார்பற்ற குறிப்பு தரப்பட்டது. கேள்விகள் எழுத்தில் வந்தன. உறுப்பினரின் ஊழியர் அல்லாத நடுவர் ஒருவர் அவற்றை வரிசைப்படுத்தினார். உறுப்பினர் குரலில் பதில் சொன்னார். சாதாரணக் கட்சி அரசியலில் வெறுப்புற்று ஒதுங்கி நிற்பவர்களே இத்தகைய கூட்டத்தில் கலந்துகொள்ள அதிக விருப்பம் காட்டினார்கள் என்பது அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. வழக்கமான கூட்டங்களுக்கு வருபவர்களுக்கு நேர்மாறான கூட்டம் இது. கலந்துகொண்டவர்களுக்குப் பொருளைப் பற்றிய அறிவும் உறுப்பினர் மீதான நம்பிக்கையும் கூடின. இதற்கு விலையுயர்ந்த தளம் எதுவும் தேவையில்லை. தம்மை எதிர்ப்பவர்களும் வரும்படி அழைப்பு அனுப்பும் துணிவும், நடுவர் பொறுப்பை வெளியாளிடம் ஒப்படைக்கும் மனமும் வேண்டும்.

சமூக ஊடகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்புகளைப் பரப்ப அவை நல்லவை. ஆழ்ந்து கேட்க அவை உருவாக்கப்படவில்லை. இருந்தாலும் அங்கே எழும் ஒரு சட்டக் கேள்வி முக்கியமானது: தம்மை விமர்சிப்பவரை ஒரு பிரதிநிதி தம் பக்கத்திலிருந்து தடுத்து விலக்கலாமா? 2024 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் அந்த அலுவலருக்கு இருந்து, குறிப்பிட்ட பதிவில் அவர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டிருந்தால், அது அரசின் செயலாகவே கருதப்படும் என்று ஒருமனதாகச் சொன்னது. எந்த நாட்டு உறுப்பினருக்கும் இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், பதவிக்கான கணக்கையும் குடும்பப் படங்களுக்கான கணக்கையும் முதல் நாளிலேயே பிரித்துவிட வேண்டும் என்பது. மறுபக்கம், பிரதிநிதிகள் தாங்க வேண்டியிருக்கும் வசையும் மிரட்டலும் கற்பனை அல்ல. நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் 2016-இல் 39 நாடுகளின் 55 பெண் உறுப்பினர்களிடம் நடத்திய ஆய்வில், ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் உளவியல் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். அதற்குச் சமூக ஊடகங்கள் பெரிய களமாக இருந்தன. ஆகவே விதிகள் வேண்டும்: எத்தகைய பதிவு நீக்கப்படும் என்பது பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், மிரட்டலும் விமர்சனமும் ஒரே கணக்கில் சேர்க்கப்படக் கூடாது, நீக்குவதை உறுப்பினர் தம் கையால் செய்யாமல் விதியறிந்த ஊழியரிடம் விட வேண்டும்.

கருத்துக் கேட்பதை அடையாளம் சரிபார்க்காமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு, சட்டமன்றம் அல்லாத ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுபவத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2017-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், எல்லா இணையப் போக்குவரத்தையும் சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் குவிந்தன. அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அலுவலரின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கண்டறிந்தது. ஒரு பகுதி அகன்ற அலைவரிசை நிறுவனங்களின் பணத்தில் உருவானது; 77 லட்சம் கருத்துகளைக் கல்லூரி மாணவர் ஒருவரே தானியங்கி முறையில் அனுப்பியிருந்தார். இன்று செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட ஆயிரம் கடிதங்களை நொடியில் எழுதும் நிலையில், ஒரே வாசகத்தைத் தடுக்கும் பழைய உத்தி போதாது. கையெழுத்து எண்ணப்படும் இடத்தில் பின்லாந்து போல உறுதியான அடையாளம் வேண்டும். அனுபவம் கேட்கப்படும் இடத்தில், எண்ணிக்கைக்கு எடை கொடுப்பதையே நிறுத்திவிட வேண்டும். ஒரு புதிய தகவலை ஒருவர் சொன்னாலும் ஆயிரம் பேர் சொன்னாலும் அது ஒரு தகவல்தான்.

அடையாளம் கேட்பதால் ஒதுங்குபவர்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கணவருக்குத் தெரியாமல் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றி எழுத விரும்பும் பெண், முதலாளிக்கு அஞ்சும் தொழிலாளி, குடியுரிமைத் தாள்கள் இல்லாதவர் ஆகியோரிடமிருந்து பெயர் வெளியிடப்படாத சாட்சியத்தைக் குழுக்கள் பெறும் முறை இருக்க வேண்டும். இன்னும் பெரிய இடைவெளி, இணையத்திலேயே இல்லாதவர்கள். உலகில் 260 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவர், இன்னும் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-இல் மதிப்பிட்டது. இணையத்தில் இருப்பவர்களிலும், மசோதாவின் மொழியைப் படித்துக் கருத்து எழுதும் ஓய்வும் பயிற்சியும் உள்ளவர்கள் சிலரே. இணையத்தில் வந்த கருத்தை "மக்கள் கருத்து" என்று ஓர் உறுப்பினர் அவையில் அறிவிக்கும்போது, பேசாதவர்களை அவர் இல்லாதவர்களாக ஆக்கிவிடுகிறார். யார் எழுதினார்கள், எந்த வயதினர், எந்தப் பகுதியினர், யாரிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான முறை. ஒன்றும் வராத இடத்துக்கு நேரில் போவது உறுப்பினரின் வேலை. அதற்கு இணையத்தில் மாற்று இல்லை.

இனி, கேள்வியின் இரண்டாம் பகுதி. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர் என்னிடம் கேட்டால், புதிய செயலி ஒன்றை உருவாக்க வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். குறை கேட்பதற்கு ஒரு முகவரியும் மசோதாக்களைப் பற்றிய கருத்துக்கு வேறொரு முகவரியும் வைத்து, இரண்டாவதைக் குழு வேலையைப் பார்க்கும் உதவியாளரின் நேரடிப் பொறுப்பில் விடலாம். ஆண்டு முழுவதும் எல்லாவற்றையும் பற்றிக் கேட்காமல், தாம் இடம்பெற்றிருக்கும் குழுவின் முன் வரும் ஒரே ஒரு மசோதாவைத் தேர்ந்துகொள்ளலாம். அதை எளிய மொழியில் ஒரு பக்கத்தில் விளக்கி, எந்தப் பிரிவுகள் இன்னும் மாறக்கூடியவை, எவை முடிவாகிவிட்டவை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்பதைவிட, "இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தால் உங்கள் வேலையில், வீட்டில் என்ன மாறும்?" என்று கேட்டால் பயனுள்ள விடை வரும். குழுக் கூட்டத்தின் தேதிக்குப் போதுமான நாள் முன்பாகவே கடைசி நாளைக் குறிக்க வேண்டும். வந்ததைப் படிக்க நேரம் வேண்டுமே. கூட்டம் முடிந்த பிறகு, வந்த கருத்துகளில் எவற்றைக் குழுவின் முன் வைத்தேன், எவை ஏற்கப்பட்டன, எவற்றை வைக்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி, கருத்து அனுப்பிய ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும்.

இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மசோதாவுக்கு யார் எழுதுவார்கள் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மறுக்கப்பட்டவர்கூட, தாம் எழுதியதை யாரோ படித்து, காரணம் சொல்லி மறுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மீண்டும் எழுத வருவார். ஒரு மசோதாவுக்கு இப்படிச் செய்து முடிக்க அலுவலகத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, இரண்டாவது மசோதாவைப் பற்றி முடிவு செய்யலாம். ஐந்து மசோதாக்களுக்குக் கருத்துக் கேட்டு ஒன்றுக்கும் பதில் தராத அலுவலகத்தைவிட, ஆண்டுக்கு ஒன்றுக்குக் கேட்டு ஒவ்வொருவருக்கும் பதில் தரும் அலுவலகத்தையே நான் பரிந்துரைப்பேன்.